குறையுள்ள சபையில் குடியிருப்பது எப்படி

போன ஜூன் மாதம் என் அக்கா மகள் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தாள். சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். வந்த பத்து வாரத்தில் ஏழு கிறிஸ்தவச் சபைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டாள். ஒரு ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. "சித்தி, ஒண்ணுகூடச் சரியில்ல. ஒரு இடத்துல பிரசங்கம் நல்லா இருக்கு, யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. இன்னொரு இடத்துல எல்லாரும் பேசுறாங்க, பேச்செல்லாம் எலெக்ஷன் பத்திதான். நான் ரூம்ல இருந்தே யூடியூப்ல ஆராதனை பார்த்துக்கிறேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அன்றைக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து, அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. முப்பது வருடம் வார்டில் நின்ற நர்ஸ். 1994இல் கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தேன். அடுத்த 13 வருடத்தில் நான்கு சபைகள் மாறினேன். 2007இல், முதலில் விட்டுப்போன சபைக்கே திரும்பி வந்தேன். அந்தச் சபை திருந்திவிட்டது என்பதால் வரவில்லை. நான் போனபோது இருந்த குறைகளில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது.

தேடுவதற்கு முன்னால்

ஒரு தாளை எடுத்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். போன சபையை ஏன் விட்டேன்? இனிப் போகிற சபை எப்படி இருக்க வேண்டும்? மனதில் நினைத்தால் போதாது, எழுதவே வேண்டும். நான் இதைச் செய்தது நான்காவது சபையை விட்ட பிறகுதான். இரண்டாவது கேள்விக்கு நான் எழுதிய பதிலை வாசித்துப் பார்த்தால், அது என் ஊர்க் கோயிலாகவே இருந்தது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். விடியற்காலை முதல் மணி அடித்தால் வீட்டில் ஒருவரும் படுத்திருக்கக் கூடாது. அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், சபைக்குப் பொருளாளரும்கூட. அசனம் என்ற கோயில் பொது விருந்துக்கு முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம் கறி வெட்டுவார்கள். கண்ணெல்லாம் எரியும், யாராவது கீர்த்தனை எடுப்பார்கள், எல்லாரும் சேர்ந்து பாடுவோம். மறுநாள் எந்த மதத்தார் வந்தாலும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்டு. என் மனதில் சபை என்றால் அதுதான். சென்னையில் நான் பார்த்த ஒவ்வொரு சபையையும் அந்த வெங்காய வாசனையோடு ஒப்பிட்டுத்தான் தள்ளியிருக்கிறேன்.

அப்பா இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் இதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: நான் நினைத்து ஏங்கும் அதே வருடங்களில் சேகர கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், ஒரு இடத்துக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்களாம். அசனத்தில் ஒரு வீட்டார் சோறு பரிமாறினால் இன்னொரு வீட்டார் குழம்பு வாளியைத் தொட மாட்டார்களாம். திருவிருந்துக்கும் ஒருவர் முழங்கால் போட்டு எழுந்து போன பிறகுதான் மற்றவர் வருவாராம். "நீ சின்னப் பிள்ள. ஒங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டோம்" என்றார்.

ஆகவே, உங்கள் தாளில் இருக்கும் சபை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். சின்ன வயதுச் சபையா? கல்லூரியில் இருந்த ஐக்கியமா? அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே வயது, யாருக்கும் வீட்டு வாடகையும் மாமியாரும் கிடையாது. அல்லது இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் காலத்துச் சபையா? நம்மில் வேதம் கருத்தாக வாசிக்கிறவர்கள் அதிகம் ஏங்குவது இதற்குத்தான். எருசலேம் சபையில் எல்லாரும் எல்லாவற்றையும் பொதுவாய் வைத்து அனுபவித்தது உண்மைதான். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் ஆறாவது அதிகாரம் வரும்போதே கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குத் தினசரிப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்துவிட்டது. கொரிந்துவில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டினார்கள். கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடிவெறியில் இருந்தான். பிலிப்பியில் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் சண்டை எதைப் பற்றி என்றுகூட நமக்குத் தெரியாது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தில் கடிதம் பெற்ற ஏழு சபைகளில் கண்டிப்பு இல்லாமல் தப்பியவை சிமிர்னாவும் பிலதெல்பியாவும் மட்டும்தான்.

நான் கண்டுபிடித்த அப்போஸ்தலர் சபை

இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் மூன்றாவது சபை, வேதத்தில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்று தீர்மானித்த 14 குடும்பங்கள். சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. கமிட்டி, தேர்தல், பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டு மாடியில் ஒரே அப்பத்தைப் பிட்டுப் பகிர்வோம். நைட் டூட்டி முடித்து நான் நேராகப் போனால் யாராவது ஒரு சகோதரி தோசை வார்த்து வைத்திருப்பார். தேடியது கிடைத்துவிட்டது என்று நிச்சயமாக நம்பினேன். இப்போதும் அந்த மாடியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மூன்றாவது வருடம், வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு அப்பம் கொடுக்கலாமா என்று கேள்வி எழுந்தது. கொடுக்கலாம் என்றவர்களும் கூடாது என்றவர்களும் பிரிந்தார்கள். அப்புறம், கொடுக்கலாம் என்றவர்களோடு பேசலாமா என்று அடுத்த கேள்வி. 14 குடும்பம் ஏழானது, ஏழு நாலானது. எனக்குத் தோசை வார்த்துக் கொடுத்த சகோதரி ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போலத் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. சபை சுத்தமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். சுத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறவர்களாக எங்களைப் பார்க்கத் தொடங்கியதும், நாங்கள் மனிதர்களாகத் தெரியவில்லை.

பிறகு வாசித்தபோதுதான் இது பழைய கதை என்று தெரிந்தது. 303இல் ரோமப் பேரரசில் பெரும் உபத்திரவம் வந்தது. வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் (பிஷப்புகள்) பயந்து வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் கையால் செய்த அபிஷேகமும் ஞானஸ்நானமும் செல்லாது என்று ஒரு பெரும் கூட்டம் பிரிந்தது. தொனாத்தியர் என்று அவர்களுக்குப் பெயர். உயிர் போனாலும் மறுதலிக்காதவர்களின் பிள்ளைகள் அவர்கள், கோபத்தில் நியாயம் இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஊருக்கு ஊர் இரண்டு ஆயர்கள், இரண்டு பீடங்கள். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பிலும் சுமார் 280 ஆயர்கள் வீதம் கூடி வாதாடினார்கள். தொனாத்தியருக்கு எதிர்த்தரப்பில் இருந்த ஹிப்போ ஊர் ஆயர் அகுஸ்தீன், கோதுமையும் களையும் அறுப்பு வரைக்கும் சேர்ந்தே வளரும் என்ற உவமையைத் திரும்பத் திரும்ப எடுத்தார். அதே அகுஸ்தீன் பிற்பாடு அரசாங்கம் அவர்களைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதற்கும் இசைந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் உவமையைப் பற்றி அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். எங்கள் மாடியில் களை பிடுங்கப் போய் என்ன ஆனது என்று பார்த்தவள் நான்.

போய்ப் பார்க்கும்போது

ஒரு ஞாயிறு போதாது. குறைந்தது மூன்று மாதம் ஒரே இடத்துக்குப் போங்கள். அதில் ஒரு திருவிருந்து ஞாயிறு, ஒரு வாரநாள் ஜெபக்கூட்டம், முடிந்தால் ஒரு அடக்க ஆராதனை இருக்க வேண்டும். ஞாயிறு எல்லாரும் இஸ்திரி போட்ட துணியில் வருவார்கள். சாவு வீட்டில்தான் சபையின் உள்முகம் தெரியும். இறந்தவர் ஏழையாக இருந்தால் எத்தனை பேர் வந்தார்கள், பெட்டியை யார் தூக்கினார்கள், மறுநாள் அந்த வீட்டுக்கு இட்லி யார் அனுப்பினார்கள் என்று பாருங்கள்.

தூரத்தை நாம் பெரிதாக நினைப்பதில்லை. நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இரண்டு பஸ் மாறிப் போகும் சபையில் நீங்கள் நிகழ்ச்சிக்குப் போய் வருவீர்கள், அவ்வளவுதான். பத்து நிமிடம் நடந்தால் போய்விடலாம் என்றால், காய்கறி வாங்கும்போதே சபையாரைப் பார்ப்பீர்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்பது தானாகவே காதில் விழும். என் இரண்டாவது சபை நகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆயிரக்கணக்கான நாற்காலிகள், பெரிய திரை, அருமையான போதனை. வேதத்தை ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் என் மகள் டெங்குவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கிருந்து ஒருவர்கூட வரவில்லை. கோபித்துக்கொண்டு விட்டேன். அப்புறம் யோசித்தால், மூன்று வருடத்தில் அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது, எனக்கும் யார் பெயரும் தெரியாது. யாரிடம் நான் சொன்னேன், அவர்கள் வருவதற்கு?

சில நடைமுறைக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். தனிச் சபை என்றால், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணம் நடத்தும் உரிமம் போதகரிடம் இருக்கிறதா? அடக்கம் செய்ய எங்கே இடம்? என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் அப்பா ஒரு வெள்ளிக்கிழமை இறந்தார். அவர்கள் கூடிவந்த ஐக்கியத்துக்குக் கல்லறை ஏற்பாடு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒவ்வொரு அலுவலகமாக அலைந்தாள். சென்னையில் கல்லறைக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கணக்கு வருடாவருடம் தணிக்கை ஆகிறதா, அதை விசுவாசிகள் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பதில் என்ன என்பதைவிட, கேட்டவுடன் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

குறைகளைப் பிரித்துப் பார்ப்பது

விபத்துப் பிரிவில் ஒரே நேரத்தில் இருபது பேர் வந்தால் எல்லாரையும் ஒன்றாகப் பார்க்க மாட்டோம். இவர் காத்திருக்கலாம், இவருக்குக் கட்டுப் போட வேண்டும், இவரை இந்த நிமிடமே உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று பிரிப்போம். சபைக் குறைகளையும் அப்படிப் பிரிக்கத் தெரியாமல்தான் நான் 13 வருடம் அலைந்தேன். ஸ்பீக்கர் சத்தத்துக்கும் அதிகாரத் துஷ்பிரயோகத்துக்கும் ஒரே அளவு கோபப்பட்டேன். அதனால் முதலாவதுக்காகச் சபையை விட்டேன், இரண்டாவது நடந்த இடத்தில் தேவைக்கு மேல் இருந்தேன்.

காத்திருக்கக்கூடியவை உங்களுக்கே தெரியும். பிரசங்கம் நீளுகிறது, பாடகர் குழு சுருதி விலகுகிறது, மின்விசிறி இறக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதுகிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு அக்காமாருக்குள் புகைச்சல். இவற்றைச் சகித்துக்கொள்ளுங்கள். சகிப்பு நாள்பட்டுப் பிரியமாக மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது வகை, கட்டுப் போட்டுத் தினம் கவனிக்க வேண்டிய புண்கள். சாதி, தேர்தல் பணம், மூடிவைத்த கணக்கு. இவற்றைச் சகிக்கக் கூடாது, இவற்றுக்காக உடனே ஓடவும் வேண்டாம். உள்ளே இருந்து எதிர்க்க வேண்டும்.

1994இல் நான் முதல் முதலாகப் போன ஞாயிறு, சங்கத்தில் மூத்த ஒரு அம்மா அன்போடு கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரு? யாரு மக்க? அப்பா வழியில என்ன ஆளுக?" என்று கேட்டார். மூன்றாவது கேள்வியில்தான் அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. பதில் சொன்னேன். அந்தச் சபையில் பெரும்பாலோர் எங்கள் சாதி. இரண்டே வாரத்தில் எனக்குப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. அதே மாதம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு பெண் வந்தாள். என்னைவிட நன்றாகப் பாடுவாள். ஒரு வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வராமல் போய்விட்டாள். எங்கே போனாள் என்று யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை. இந்த விஷயம் மனதில் உறுத்தித்தான் அந்தச் சபையை விட்டேன், ஆனால் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பேசாமல் போனதால் ஒன்றும் மாறவில்லை. என் மனசாட்சி மட்டும் கொஞ்சம் லேசானது.

இது நம்முடைய பழைய நோய். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம் நாடார்களுக்கு ஒரு கூடம், வெள்ளாளர்களுக்கு ஒரு கூடம் என்று கால்சட்டை வடிவத்தில் அமைந்தது. நடுவில் தடுப்பு. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தபோது வழக்கு, பகை எல்லாம் வந்தது. கட்டிடத்தில் இருந்த சுவரையாவது கடப்பாறையால் இடிக்கலாம். நம் மாதிரிச் சபைகளில் சுவர் விசாரிப்பில் இருக்கிறது, வரன் பார்ப்பதில் இருக்கிறது, தேர்தல் அணியில் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது இது: அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். புதிதாக வந்தவர் தனியாக உட்கார்ந்திருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சாதி அணியாகப் பிரிந்து வாக்குக் கேட்டு வந்தால், வீட்டு வாசலிலேயே இல்லை என்று சொல்லுங்கள். கணக்கு விஷயமாக இருந்தால் சபைப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். கேள்வியை எழுத்தில் கொடுங்கள், உங்களோடு இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். முதல் வருடம் பதில் வராது. எங்களுக்கு நாலாவது வருடம்தான் தணிக்கை அறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மூன்றாவது வகையைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். என் நான்காவது சபையில் போதகர் எல்லாருக்கும் ஆவிக்குரிய தகப்பன். யார் யாரைக் கட்ட வேண்டும், எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பது வரை அவர்தான் சொல்வார். கட்டிட நிதிக்காக என் வீட்டுக்காரரின் பி.எஃப். பணத்தில் கடன் எடுக்கச் சொன்னார், எடுத்தும் கொடுத்தோம். அங்கே ஒரு சர்க்கரை நோயாளி, விசுவாசம் இருந்தால் இன்சுலின் எதற்கு என்று சொல்லக் கேட்டு ஊசியை நிறுத்தினார். பதினோராம் நாள் என் வார்டுக்கே நினைவில்லாமல் வந்தார். பிழைத்துக்கொண்டார், ஒரு கால் விரல்கள் போயின. நான் போதகரிடம் போய்க் கேட்டேன். இந்தச் சபையை விட்டுப் போனால் உன் பிள்ளைக்கு ஆகாது என்றார். அதற்குப் பிறகும் நான் ஐந்து மாதம் அங்கே இருந்தேன், பயத்தில்.

மருந்தை நிறுத்தச் சொன்னால், விட்டுப் போனால் சாபம் என்று மிரட்டினால், கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கச் சொன்னால், பெண்களையோ பிள்ளைகளையோ தவறாகத் தொட்டால், அன்றைக்கே வெளியேறுங்கள். பிள்ளைகள் விஷயம் என்றால் கமிட்டியிடம் போகாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ போங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். பெண்களுக்கு உதவி எண் 181 இருக்கிறது. தனியாகப் போய்ச் சகோதரனோடு பேசு என்ற மத்தேயு 18ஆம் அதிகாரத்து வழியை இங்கே காட்டி உங்களைத் தடுப்பார்கள். அடிபட்ட பிள்ளையை அடித்தவனோடு தனியறைக்கு அனுப்புவதற்காகக் கர்த்தர் அதைச் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில், சிறியவர்களை இடறப்பண்ணுகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்றும் இருக்கிறது.

"குறையில்லாத சபை எங்கே இருக்கு?" என்று நானே இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் அந்தச் சபையில் மூத்தவர்கள் என் வாயை அடைத்தார்கள். சகித்துக்கொள் என்பதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். காயப்பட்டு நிற்கிற இன்னொருவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

சேர்ந்த பிறகு

2007இல் நான் திரும்பி வந்தபோது யாரோடும் ஒட்டாமல், ஆராதனை முடிந்ததும் வெளியேறிவிடுவேன். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் ஒருநாள் வாசலில் நிறுத்தி, நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். "நீ நர்ஸ்தானே. வீட்டோட படுத்திருக்கிறவங்க பேர் இதுல இருக்கு. எனக்கு முட்டி வலிக்குது, படி ஏற முடியல." பெயர், தெரு, என்ன நோய், யார் எப்போது போய்ப் பார்த்தார்கள் என்று நாலு கட்டம். அன்றைக்கு 23 பேர் இருந்தார்கள்.

அந்த நோட்டுதான் என்னை அந்தச் சபையில் இருக்கவைத்தது. வியாழக்கிழமை மாலை பி.பி. கருவியோடு இரண்டு மூன்று வீடு போவேன். ஒரு வருடத்தில் 23 வீட்டின் அடுப்படியும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டாலும் கோபம் வருவதில்லை. முன்வரிசையில் இருப்பவர் மருந்து சாப்பிட்டாரா, தூணோரம் இருப்பவர் முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கண் ஓடும். ஆகவே, சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஒரு வேலை கேட்டு வாங்குங்கள். மேடையில் ஏறாத வேலையாக இருக்கட்டும்: நாற்காலி அடுக்குவது, ஓய்வுநாள் பாடசாலையில் சின்ன வகுப்பு, அசனத்துக்கு வெங்காயம் உரிப்பது. பாடவும் பேசவும் முதலில் கேட்காதீர்கள். மேடை வேலையில் ஆட்களின் பெயர் தெரிய வராது.

அந்த மூன்றாவது கேள்வி கேட்ட அம்மாவும் 2015இல் நோட்டுக்குள் வந்தார், பக்கவாதம். முதல் வியாழன் போக எனக்கு மனமில்லை. போனேன். முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்க மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். நாலு மாதம் கழித்து, செங்கல்பட்டுப் பெண்ணைப் பற்றி அவரிடம் பேசினேன். அவருக்கு அவளை ஞாபகமே இல்லை. எனக்கு அது மிகவும் வலித்தது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

மனத்தாங்கல் வந்தால்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது குருவானவரிடம் குறை சொல்லாதீர்கள். அவர் அப்போது நூறு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். திங்களும் வேண்டாம். செவ்வாய் அல்லது புதன், முன்கூட்டிப் போன் செய்துவிட்டுப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். வாட்ஸ்அப் குழுவில் எழுதவே எழுதாதீர்கள், அங்கே எழுதியது எதுவும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஐயர், அதாவது குருவானவர், சில வருடத்தில் மாறிவிடுவார். ஒரு ஐயரைப் பிடிக்கவில்லை என்று சபையை விடுகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளட்டும். ஒரு ஐயரைப் பிடிக்கிறது என்று சேருகிறவர்களும்தான்.

விட்டே ஆக வேண்டும் என்றால்

விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் முறுமுறுக்கிறவர்கள் இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் 1857இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தனியாக ஒரு இந்துக் கிறிஸ்தவச் சபையைத் தொடங்கினார். வெள்ளைக்கார மிஷனரிகளின் அதிகாரமும், 1849இல் மிஷனரி கால்டுவெல் சட்டாம்பிள்ளையின் மக்களைப் பற்றி இழிவாக எழுதியதும் அவரைச் சுட்டன. அந்தச் சூடு நியாயமானது. எனவே விடுவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். விடும் விதம் முக்கியம். குருவானவரைப் பார்த்து, காரணத்தை நேராகச் சொல்லிவிட்டு, சபை மாற்றுக் கடிதம் கேளுங்கள். கையில் இருக்கும் சபைப் பொறுப்பை, கணக்கை, சாவியை ஒப்படையுங்கள். போகிற வழியில் இன்னும் ஐந்து குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முன்பு சொன்ன மூன்றாவது வகைக்கு இந்த முறையெல்லாம் பொருந்தாது, அங்கே கதவைத் திறந்து வெளியே வருவது ஒன்றுதான் முறை.

அப்போ லட்சியம் வேண்டாமா?

என் அக்கா மகள் கேட்ட கடைசிக் கேள்வி இது. வேண்டும். அது இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் உலக மிஷனரிகள் முன்னால் எழுந்து, பொருளும் உழைப்பும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அவரும் இன்னும் சிலரும் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதற்குப் பிறகு 28 வருடம் கமிட்டி, கடிதம், இழுபறி. அசரியா 1945இல் இறந்துவிட்டார், ஒன்றிணைப்பைக் காணவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆயர் கையால் அபிஷேகம் பெறாத பழைய குருமாரை என்ன செய்வது என்ற கேள்விக்கு, அவர்களை அப்படியே ஏற்றுக்கொள்வோம், இனிமேல் வருகிறவர்களுக்கு ஆயர் அபிஷேகம், முப்பது வருடத்துக்கு இந்தக் கலப்பு நிலை இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆங்கிலிக்கருக்கும் அது முழுத் திருப்தி இல்லை, மெதடிஸ்டுக்கும் இல்லை. ஆனாலும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். நாம் இன்றைக்குக் குறை சொல்லும் சபை, அப்படி விட்டுக்கொடுத்துப் பிறந்தது. அசரியாவின் ஆசை பெரியது, அவர் கமிட்டியிலும் உட்கார்ந்தார். இரண்டையும் சேர்த்துச் செய்ய நானும் முயல்கிறேன்.

அக்கா மகள் இப்போது விடுதியிலிருந்து எட்டு நிமிட நடையில் ஒரு சின்னச் சபைக்குப் போகிறாள். ஆறு பிள்ளைகள் உள்ள ஓய்வுநாள் வகுப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். போன ஞாயிறும் போன் செய்தாள். "சித்தி, ஸ்பீக்கர் சத்தம் தாங்கவே முடியல" என்று தொடங்கினாள். அப்புறம் அரைமணி நேரம் அந்த ஆறு பிள்ளைகளைப் பற்றியே பேசினாள். ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லையாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நாலு நாளாகக் காய்ச்சல், அம்மா பாரசிட்டமால் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். "என்ன செய்யட்டும்?" என்றாள். நாலு நாள் என்றால் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும், தட்டணு எண்ணிக்கையும் டெங்குவும் பார்க்கச் சொல்லு, தண்ணீரும் கஞ்சியும் நிறையக் கொடுக்கச் சொல்லு, சாயங்காலத்துக்குள் கூட்டிக்கொண்டு போங்கள், நீயும் கூடப் போ என்றேன்.